மாமனாருக்கு ஒரு கப்பல்

“இந்தப் புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது” என்று லேப்டாப் மறுபடியும் சொன்னது.

ரகுராம் அதை அப்படியே சாய்வு நாற்காலிப் பக்கம் திருப்பிக் காட்டினான். நாற்காலியில் கிடந்த மாமனார் சீனிவாசராகவன் திரையைப் பார்த்தார்; மாப்பிள்ளையைப் பார்த்தார்; வலது கை ஆட்காட்டி விரலைத் தூக்கி இடமும் வலமுமாக ஆட்டினார். சித்திரையில் வந்த பக்கவாதம் அவருடைய பேச்சை எடுத்துக்கொண்டு, பாக்கிச் சில்லறை மாதிரி இந்த விரலை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

“என்ன சொல்றாரு மேடம்?” என்று ரகுராம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயலக்ஷ்மியைக் கேட்டான்.

“இது இல்லைங்கறார்.”

“ஓடவே இல்லையே. ஓடினாத்தானே இதுவா இல்லையான்னு தெரியும்?”

“அதையேதான் அவரும் சொல்றார்.”

மண்டியில் துண்டைப் போட்டு மறைத்து விரலால் விலை பேசும் தரகர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகப் பேச மாட்டார்கள். ஆனால் சீனிவாசராகவன் ஒரு விரலில் சொல்வதை ஒரு பாராவாக விரித்துச் சொல்ல ஜெயலக்ஷ்மியால் முடிந்தது. மாநில அரசின் ஓர் இலாகாவில், கம்ப்யூட்டர் பிரிவில், ரிட்டயர் ஆகும்வரை அடுத்தடுத்த மேஜையில் உட்கார்ந்தவர்கள். ஜெயலக்ஷ்மி கல்யாணம் செய்துகொள்ளாதவர். பழைய சகாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தவர்தான், அன்றிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்தார்.

பெப்பர் கேப்டன் என்ற விளையாட்டைப் பற்றிச் சொன்னதும் அவர்தான்.

“மிளகை வாங்கிக் கப்பல்ல ஏத்திண்டு ஊர் ஊராப் போய் விக்கணும், ரகு. ஒவ்வொரு துறைமுகத்துலயும் ஒரு வியாபாரி வந்து விலை சொல்லுவான். லஞ்ச் முடிஞ்சதும் சார் உக்காந்துடுவார். ஸ்கிரீன்ல இருக்கறவனைப் பார்த்துக் ‘கம்மி! கம்மி!’ன்னு கத்துவார் பாருங்கோ, மாடி வரைக்கும் கேக்கும்.”

அந்த விளையாட்டைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. சொந்தம் கொண்டாட ஆளில்லாமல் கைவிடப்பட்ட சரக்கு. பழைய விளையாட்டுகளை விற்கும் ஓர் இணையதளத்தில் தேடிப் பிடித்து ரகுராம் வாங்கியிருந்தான். விற்றவன் கெட்டிக்காரன். “அபூர்வமானது” என்று போட்டிருந்தான், “அசல்” என்று போட்டிருந்தான். ஓடும் என்று மட்டும் எங்கேயும் போடவில்லை.

நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதன், வேலை போன நிலையில், மிளகுக் கப்பலின் பின்னால் ஓடியதற்குக் காரணம் பாசம் இல்லை. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்த அந்த வீடு.

வீடு சீனிவாசராகவனுடையது. மனைவி ருக்மிணி போன பிறகு மகள் ஸ்ரீவித்யாவும் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அவர் நன்றாக இருந்தபோது வீட்டை விற்கும் பேச்சை எடுத்தால், “பார்க்கலாம்” என்பார். பக்கவாதம் வந்து பேச்சு நின்றதும், பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ரகுராம் ஒரு பில்டரைப் பிடித்துவிட்டான். அட்வான்ஸ் வந்தது. வந்த வேகத்தில், சந்தாபுராவில் ரகுராம் பாதி கட்டி நிறுத்தியிருந்த ஃப்ளாட்டுக்குள் சிமென்டாகவும் டைல்ஸாகவும் போய்ப் படுத்துக்கொண்டது.

பத்திரமும் தயாரானது. பெரியவரைத் தூக்காத குறையாகக் காரில் ஏற்றிச் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “ஐயா, இந்த வீட்டை விக்க உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டார். கன்னடத்தில் கேட்டார், தமிழிலும் கேட்டார். இரண்டு தடவையும் விரல் எழுந்து ஆடியது.

“அது நரம்புக் கோளாறு மேடம், தானா ஆடும்,” என்றான் கூட வந்த புரோக்கர்.

“அப்படியா? அப்ப நரம்புக் கோளாறு இல்லாத எடத்தால சொல்லச் சொல்லுங்க. வாயால ஒரு வார்த்தை. அதுவரைக்கும் பத்திரத்தைப் பத்திரமா வீட்லயே வெச்சிருங்க.”

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம்… கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க,” என்று புரோக்கர் இரண்டு பாஷையிலும் கெஞ்சினான்.

அந்த அம்மாள் அட்ஜஸ்ட் செய்யும் ஜாதி இல்லை. அப்படி ஓர் அதிகாரி அமைவது ஊருக்கு நல்லது. ரகுராமுக்கு மட்டும் கெட்டது.

பில்டர் அந்த அம்மாளைவிடக் கண்டிப்பு. “ஆடி பொறக்கறதுக்குள்ள முடிச்சுடணும் சார். ஆடியில நான் ஒரு செங்கல்கூட வாங்க மாட்டேன். முடியலேன்னா அட்வான்ஸை எடுத்து வெச்சுடுங்க.”

எடுத்து வைக்க வேண்டுமானால் டைல்ஸைப் பெயர்த்துத்தான் வைக்க வேண்டும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், “அவருக்கு ரொம்பப் பிடிச்ச எதையாவது கண் முன்னால காட்டுங்க, பேச்சு வரலாம்” என்றாள். பிடித்தது எது என்று மகளுக்கும் தெரியவில்லை, மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை. டிகிரி காபி வைத்துப் பார்த்தார்கள். சகஸ்ரநாமம் போட்டுப் பார்த்தார்கள். கிரிக்கெட் காட்டினார்கள். விரல் ஆடியது. அந்த நேரத்தில்தான் ஜெயலக்ஷ்மி வந்து மிளகுக் கப்பலைச் சொன்னார். சொன்னதோடு, “நீங்க அலையற நேரத்துல நான் சாரைப் பார்த்துக்கறேன், நர்ஸுக்கு எதுக்கு வீண் செலவு?” என்றும் சொன்னார். ரகுராம் அன்றைக்கே நர்ஸ் யூனிஸை நிறுத்திவிட்டான். ஓசியில் வந்த சரக்கு ஏன் ஓசியில் வந்தது என்று விசாரிக்கும் பழக்கம் அவன் வளர்ந்த வீட்டில் இல்லை.

இணையத்தில் நாலு பேரைக் கேட்டு, பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் ஒரு மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றினான். விளையாட்டு ஓடியது. ஓடியது என்றால், பிய்த்துக்கொண்டு ஓடியது. முப்பது வருஷத்துக்கு முந்தைய நிதானத்துக்கு எழுதப்பட்ட கப்பல், இன்றைய கம்ப்யூட்டரின் வேகத்தில் கள்ளிக்கோட்டையில் கிளம்பி, புயலில் மாட்டி, கொள்ளைக்காரர்களிடம் சிக்கி, கேப்டன் செத்து, கடலில் அடக்கமும் ஆகிவிட்டது. ரகுராம் அதற்குள் கண்ணாடியைக்கூடத் துடைத்து முடிக்கவில்லை.

“பாவம், நன்னா அனுபவிக்காமலே போயிட்டார்,” என்றார் ஜெயலக்ஷ்மி.

வேகத்தைக் குறைத்தான். இப்போது கேப்டன் நங்கூரத்தைத் தூக்க ஆரம்பித்தார். ஸ்ரீவித்யா ஆபீசுக்குக் கிளம்பும்போது தூக்க ஆரம்பித்தவர், அவளுடைய வண்டி தெருமுனையைத் தாண்டி ரொம்ப நேரம் ஆகியும் தூக்கிக்கொண்டே இருந்தார். சீனிவாசராகவன் தூங்கிவிட்டார்.

கூட்டிக் குறைத்து ஒரு வழியாகச் சரியான வேகத்துக்குக் கொண்டுவந்தபோது விரல் எழுந்தது.

“இப்ப என்னவாம்?”

“கலர் தப்பாம். எங்க ஆபீஸ்ல எல்லாமே பச்சை, ரகு. கடல் பச்சை, கப்பல் பச்சை, கேப்டன் மூஞ்சியும் பச்சை.”

லேப்டாப் திரையைப் பச்சையாக்கினான். விரல் நிற்கவில்லை.

“இது தட்டையா இருக்காம். அது முன்பக்கம் லேசா வீங்கி இருக்கும். பின்னால பெரிய கூனு. அந்தப் பழைய மானிட்டர் வேணுங்கறார்.”

“இத்தனையையும் ஒரு விரல்ல சொன்னாரா?”

“நீங்க விரலை மட்டும் பார்க்கறேள். நான் கண்ணையும் பார்க்கறேன்,” என்றார் ஜெயலக்ஷ்மி.

சிவாஜிநகரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இறைச்சிக் கடைகளைத் தாண்டினால் பழைய சாமான் விற்கும் குஜரிக் கடைகள். நவாஸ் பாயின் கடையில் கம்ப்யூட்டர்கள் செத்த வரிசைப்படி அடுக்கியிருந்தன.

“பச்சை மானிட்டரா? சார், கடைசிப் பீஸு. இனிமே இந்த பெங்களூர்லயே இல்ல.”

பாய்க்குப் பின்னால் அதே மாதிரி ஏழெட்டு இருந்தன.

“அதெல்லாம் என்ன பாய்?”

“அது டெட் பாடி சார். உயிரோட இருக்கறது இது ஒண்ணுதான்.”

பாய் ஒரு விலை சொன்னார். ரகுராம் அதில் பாதியைச் சொல்லி, செருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவன்போல இரண்டடி நடந்தான். கரூர்க்காரன், முறை தெரியும். பாயும் கூப்பிட வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஜெயலக்ஷ்மியின் போன். ஸ்பீக்கரில் இருந்தது.

“கெடைச்சுதா ரகு? சார் பாவம், வாசலையே பார்த்துண்டு இருக்கார். எப்படியாவது வாங்கிண்டு வந்துடுங்கோ. எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை.”

பாய் திறந்த வாயை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தபோது முதலில் சொன்னதைவிட அதிகமாகச் சொன்னார். வீட்டில் ஒரு நோயாளி காத்திருக்கிறார் என்று தெரிந்தபின் விலையைக் குறைக்கிற வியாபாரி இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

மானிட்டரைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். லேப்டாப்பில் அதைச் செருக இடமில்லை. மறுநாள் பாயிடம் போனான்.

“பாய், இதை எதுல மாட்டறது?”

“பழைய கம்ப்யூட்டர்ல சார்.”

“நேத்தே சொல்லியிருக்கலாம்ல?”

“நேத்து நீங்க மானிட்டர்தானே கேட்டீங்க?”

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தான். மறுநாள் அதற்கு வயர். அதற்கு மறுநாள், ஃபிளாப்பி செருகும் டிரைவ். இணையத்தில் வாங்கிய பிரதி இந்தக் கிழட்டுப் பெட்டியில் ஏறவில்லை. பெப்பர் கேப்டனின் அசல் ஃபிளாப்பிக்காக ஒரு முழு நாள் நவாஸ் பாயின் கோணியைக் கொட்டி, கரப்பான் முட்டைகளுக்கு நடுவே தேடினான். கிடைத்தபோது பாய் அவனைக் கட்டிக்கொண்டார். அந்த மாதம் கடை வாடகைக்கு அவருக்குக் கவலையில்லை.

ஒவ்வொரு நாளும் அவன் கிளம்பும்போது ஜெயலக்ஷ்மி கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். “அவசரப்படாம பார்த்து வாங்கிண்டு வாங்கோ. சாரை நான் பார்த்துக்கறேன்.”

சாயங்காலங்களில் ஸ்ரீவித்யா ஆபீசிலிருந்து வந்ததும் ஹாலில் உட்கார்ந்து கணவனும் மனைவியும் பேசுவார்கள். நாற்காலியில் இருப்பவருக்குப் போனது பேச்சுதானே தவிரக் காது இல்லை என்பது இருவருக்குமே நினைவு வருவதில்லை.

“சந்தாபுராவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஹோம் பார்த்துட்டு வந்தேன் வித்யா. நல்ல காத்து. எதிர்ல ஒரு வீடும் கிடையாது, சுடுகாடு மட்டும்தான்.”

“சாப்பாடு?”

“உப்பில்லாம குடுக்கறாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் போய்ப் பார்க்கலாம். கடைசிக் காரியமும் பேக்கேஜ்லயே வருது. நாம லீவு போட வேண்டியதில்லை.”

“அப்பாவுக்கு ஜன்னல் பக்கம் கட்டில் கேட்டியா?”

“அதுக்கு எக்ஸ்ட்ராவாம்.”

ஸ்ரீவித்யா கொஞ்ச நேரம் யோசித்தாள். “சரி, வெளியே பார்க்கறதுக்கும் அங்கே என்ன இருக்கு?” என்றாள்.

சால்வைக்கு அடியில் விரல் அசையாமல் இருந்தது.

எல்லாச் சாமானும் சேர்ந்த அன்று காலை ரகுராமுக்கு ஒரு வீடியோ இன்டர்வியூ இருந்தது. வேலை போனதிலிருந்து அவனைக் கூப்பிட்ட ஒரே கம்பெனி. மேலே சட்டை, டை, கீழே லுங்கியோடு அறைக்குள் உட்கார்ந்தான். திரையில் ஒரு பெண், “நெருக்கடியில் நீங்கள் எப்படி நடந்துகொள்வீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவன் வாயைத் திறக்கும்போது ஹாலில் ‘டப்’ என்று ஒரு சத்தம். மின்சாரம் போனது. இன்டர்நெட் போனது. இன்டர்வியூ போனது.

ஓடி வந்து பார்த்தால் கிழட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து புகை. ஜெயலக்ஷ்மி சுவிட்சின் மேல் கை வைத்தபடி நின்றார்.

“சார் போட்டுப் பார்க்கச் சொன்னார்.”

ரகுராம் ஆத்திரத்தில் மானிட்டரின் பின்பக்கம் கையை விட்டான். கரண்ட் போய்விட்டதே என்ற தைரியம். அந்தப் பச்சை மானிட்டருக்கு வயிற்றுக்குள் கரண்டைச் சேமித்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு என்று பாய் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. டையோடும் லுங்கியோடும் எதிர்ச் சுவர்வரை போய் விழுந்தான்.

“பேச்சு இருக்கா ரகு?” என்று கேட்டார் ஜெயலக்ஷ்மி. “ஒரு வார்த்தை சொல்லுங்கோ, பார்க்கலாம்.”

அவன் சொன்ன வார்த்தையை அச்சில் போட முடியாது.

சாயங்காலம் ஸ்ரீவித்யா வந்து ஃபிரிட்ஜில் கெட்டுப்போன பாலையும், மூலையில் கருகிக் கிடந்த பெட்டியையும், வலது கை மரத்துப்போன கணவனையும் பார்த்தாள்.

“இன்டர்வியூ என்னாச்சு?”

“கப்பல் முழுகிடுச்சு.”

“ரகு, ஆடி பொறக்க இன்னும் பத்து நாள்கூட இல்லை. வேலை இல்லை, அட்வான்ஸ் இல்லை. அப்பா பேசலைன்னா நாம நடுத்தெரு. உன்னால ஒரு கேமை ஓட்ட முடியாதா? இன்ஜினியர்தானே நீ?”

“இன்ஜினியர்தான். பிணத்துக்கு உயிர் குடுக்கற டாக்டர் இல்லை.”

ஆனாலும் நவாஸ் பாய் கொடுத்தார். பின்னால் அடுக்கியிருந்த டெட் பாடிகளில் ஒன்றுக்குத் திடீரென்று உயிர் வந்தது, விலைக்கும் வந்தது.

இந்தத் தடவை புகை இல்லை. பச்சைத் திரையில் பச்சைக் கடல் எழுந்தது. பச்சைக் கேப்டன் வந்து தொப்பியைக் கழற்றி வணங்கினார். ஜெயலக்ஷ்மி கை தட்டினார். ரகுராமுக்குக் கண் கலங்கியது. அப்போது திரையில் ஒரு கேள்வி: “கையேட்டின் பன்னிரண்டாம் பக்கம், ஆறாம் வரி, மூன்றாம் சொல் என்ன?”

திருட்டுப் பிரதி எடுப்பவர்களைப் பிடிக்க அந்தக் காலத்துக் கம்பெனிகள் வைத்த பொறி அது; இணையத்தில் விற்றவன் அதைக் கழற்றிவிட்டு விற்றிருந்தான். அசல் பெட்டியோடு வந்த கையேட்டுப் புத்தகம் கையில் இருந்தால்தான் பதில் தெரியும். ரகுராம் குத்துமதிப்பாக ‘மிளகு’ என்று அடித்தான். ‘கடல்’ என்று அடித்தான். பிறகு எதையோ அடித்தான். “கள்ளனே!” என்றது திரை. கேப்டனைப் பாய்மரத்தில் கட்டித் தூக்கில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் கீச்சுக் குரலில் ஒரு சாவு மேளம் வாசித்தது.

சீனிவாசராகவனின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது.

“மேடம், சிரிக்கிறாரு! மாமா சிரிக்கிறாரு!”

“ஆமாம். தூக்கு மட்டும் அப்படியே அச்சா இருக்குங்கறார்.”

அதன்பின் இரண்டு நாள் அந்த வீட்டு ஹாலில் கேப்டன் காலையும் மாலையும் தூக்கில் தொங்கினார். கையேடு இல்லாமல் காரியம் நடக்காது. விசாரித்ததில் நீலசந்திராவில் ஷ்ரேயாஸ் என்று ஒருவர், பழைய விளையாட்டுப் பெட்டிகளைச் சேகரிப்பவர், அவரிடம் இருப்பதாகத் தெரிந்தது. அவர் கையேட்டைக் கண்ணாடி அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

“விக்கறதில்லை சார்.”

“போட்டோ எடுத்துக்கறேன்.”

“வெளிச்சம் பட்டா காகிதம் கெட்டுடும்.”

“ஒரு மனுஷரோட உயிர்ப் பிரச்சினைங்க.”

“அதான் உள்ளே விட்டேன். கையைக் கழுவிட்டு உக்காந்து எழுதி எடுத்துக்குங்க. பேனா வேண்டாம், பென்சில்.”

எந்தப் பக்கத்தை, எந்த வரியைக் கேட்கும் என்று தெரியாது. அதனால் முழுப் புத்தகத்தையும் எழுத வேண்டியிருந்தது. கரண்ட் பிடித்து மரத்த கையால், மிளகின் ரகங்களையும் பருவக்காற்றின் திசைகளையும் ரகுராம் எழுதினான். அன்றைக்கு முடியவில்லை, மறுநாளும் போனான். நடுவில் ஒரு பதிலைச் சரிபார்க்கலாம் என்று வீட்டுக்குப் போன் செய்தான். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மத்தியானம் வரை அடித்துப் பார்த்தான்.

வீடு திரும்பியதும், “ஏன் மேடம் எடுக்கலை?” என்று கேட்டான்.

“சார் அசந்து தூங்கறார். மணிச் சத்தத்துல எழுந்துட்டா என்ன பண்றதுன்னு சைலன்ட்ல போட்டுட்டேன். இந்தாங்கோ, வாயைத் திறங்கோ.” சர்க்கரைப் பொங்கலை ஒரு ஸ்பூன் எடுத்து நீட்டினார். “கோயில் பிரசாதம். சாருக்காகத்தான் போனேன்.”

ரகுராம் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். சொந்த மகளே ஜன்னலுக்கு எக்ஸ்ட்ரா கொடுக்க யோசிக்கிறாள். யாரோ பெற்ற பெண் கோயில் கோயிலாகப் போகிறாள்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் கேட்டது. ரகுராம் நோட்டைப் புரட்டிப் பதிலை அடித்தான். கேப்டன் தூக்கிலிருந்து தப்பினார். பாய் விரிந்தது. கப்பல் பச்சை அலைகளில் ஆடிக்கொண்டு ஏடன் துறைமுகத்தில் போய் நின்றது. பச்சைத் தாடி வியாபாரி ஒருவன் வந்து மிளகுக்கு ஒரு விலை சொன்னான்.

சீனிவாசராகவன் நாற்காலியில் நிமிர்ந்தார். விரல் எழவில்லை. உதடு அசைந்தது.

“கம்மி,” என்றார்.

ரகுராம் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த ஸ்ரீவித்யாவுக்குப் போன் போட்டு, “கம்மின்னுட்டாரு! கம்மின்னுட்டாரு!” என்று கத்தினான். எதைக் கம்மி என்றார், யார் கம்மி என்றார் என்று அவளுக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது.

“இன்னொரு வார்த்தை இருக்கு ரகு,” என்றாள் அவள், புரிந்ததும். “அதைப் பழக்கு.”

பழக்கினான். நாற்காலிக்கு எதிரே குந்தி உட்கார்ந்துகொண்டு, “சம்மதம் சொல்லுங்க மாமா. சம்… ம… தம்,” என்றான்.

சீனிவாசராகவன் அவனைப் பார்க்கவில்லை. ஜெயலக்ஷ்மியைப் பார்த்தார்.

“சம்மதம்,” என்றார். குழறல் இல்லை, தடுமாற்றம் இல்லை. கணீரென்று வந்தது.

“பாருங்கோ, ஒரே தடவையில வந்துடுத்து!” என்று ஜெயலக்ஷ்மி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆடி பிறப்பதற்கு முன் கடைசி முகூர்த்த நாள். பில்டர் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் எலுமிச்சம்பழத்தோடு காத்திருந்தார். ஸ்ரீவித்யா ஆபீசிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினாள். அப்படியே ஹோமுக்கும் பேசிவிட்டாளாம். கட்டில் ஒன்று நேற்றுத்தான் காலியானதாம், சாயங்காலமே கூட்டி வரச் சொல்லிவிட்டார்களாம்.

“பன்னெண்டு மணிக்கு மேல ராகு காலம் வந்துடும், சீக்கிரம்!” என்று பில்டர் போனில் பறந்தார்.

ரகுராம் செல்போனில் கார் கூப்பிட்டான். வருகிறேன் என்றவன் வரவில்லை. இன்னொருவன் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனான். மூன்றாவது ஆள், “கேஷா, ஆன்லைனா?” என்று கேட்டு, பதிலைக் கேட்காமலே வைத்துவிட்டான்.

“ரகு, ஏன் டென்ஷன்? ஸ்டாண்டுல ஆட்டோ இருக்கே,” என்றார் ஜெயலக்ஷ்மி. அன்றைக்கு அவர் அரக்கு நிறத்தில் பட்டுப்புடவை கட்டியிருந்தார். சாருக்குத் துணையாகத் தானும் வருவதாகச் சொல்லியிருந்தார். ரகுராமுக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது. பெரியவருக்கு வார்த்தை மறந்துபோனால் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும்.

முனை ஸ்டாண்டிலிருந்து உத்தமனின் ஆட்டோ வந்து வாசலில் நின்றது. பெரியவரை ஏற்ற ரகுராம் தோளைக் கொடுத்தான். அவர் தோளைத் தொடாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு, தானே ஏறி உட்கார்ந்தார். பேச்சு வந்தால் காலுக்கும் தெம்பு வரும்போல என்று ரகுராம் சந்தோஷப்பட்டான். பக்கத்தில் ஜெயலக்ஷ்மி ஏறினார். பத்திரப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஓரத்தில் இவன் ஒட்டிக்கொண்டான்.

“எங்க சார்?”

“சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ். சீக்கிரம் போப்பா. பெரியவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான். வெய்ட்டிங்கெல்லாம் இருக்காது.”

உத்தமன் வண்டியைக் கிளப்பவில்லை. கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான். சந்தேகம் தீராமல் உடம்பையே திருப்பிக்கொண்டு பெரியவரைப் பார்த்தான், பட்டுப்புடவையைப் பார்த்தான். முகமெல்லாம் பல்லானான்.

“என்ன பெரியவரே, மறுபடியும் அங்கேயா? போன வாரம்தான் கல்யாணத்தை ரிஜிஸ்டர் பண்ணியாச்சு, மறுநாளே வீட்டையும் மேடம் பேருக்கு எழுதியாச்சு… இன்னும் என்ன இருக்கு எழுதறதுக்கு?”